கும்பிடற பஸ்

பஸ்ஸில் ஏறிவிட்டால் கன்னியம்மாளும் ராமதாஸும் புருஷன் பெண்டாட்டி இல்லை. அவர் டிரைவர் சார், அவள் ஆயாம்மா. பள்ளிக்கூடப் பிள்ளைகள் எப்படிக் கூப்பிடுகிறார்களோ அப்படியேதான் ஒருவரை ஒருவர் கூப்பிட்டுக்கொள்வது என்று, இருவரும் ஒரே வண்டிக்கு வந்த முதல் நாளே பேசி வைத்துக்கொண்டார்கள். வீட்டில் எவ்வளவு பெரிய சண்டை நடந்திருந்தாலும் சரி, காலையில் சீட்டுக்கு அடியில் கிடக்கும் மிட்டாய்த் தாளையும் பென்சில் சீவலையும் பெருக்கித் தள்ளி, ஈரத்துணியால் கம்பிகளைத் துடைத்து, கதவைச் சாத்தி, "டிரைவர் சார், ரைட்" என்று அவள் சொல்லாமல் வண்டி நகராது. "சரிங்க ஆயாம்மா" என்று அவரும் பதில் சொல்லாமல் கியர் விழாது. அந்த 'ங்க' வீட்டில் அவளுக்குக் கிடைக்காத 'ங்க'.

"இந்த மரியாதைய வூட்டுலயும் குடுத்தா இன்னா, கொறஞ்சா பூடுவ?" என்று அவள் கேட்டதுண்டு.

"வூட்டுல நீ ரைட்டு சொன்னா வண்டி பின்னால இல்ல போவுது," என்பார் ராமதாஸ்.

வண்டி இரவில் நிற்பது அடி அண்ணாமலையில், அவர்கள் வீட்டுக்கு எதிரில் இருக்கும் புளியமரத்தடியில். காலையில் அங்கிருந்து கிளம்பிக் காஞ்சி ரோட்டைப் பிடித்து, ஊருக்குள் புகுந்து, வழியெல்லாம் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு கிழக்கே இருக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போகும். சாயங்காலம் செங்கம் ரோடு வழியாக ரமணாசிரமம் தாண்டி, கிரிவலப் பாதையில் திரும்பி, பிள்ளைகளை ஒவ்வொன்றாக உதிர்த்துக்கொண்டு புளியமரத்தடிக்கே வந்து சேரும். போனதையும் வந்ததையும் சேர்த்தால் மலைக்கு ஒரு முழுச் சுற்று. மலை எப்போதும் வலது கைப் பக்கம்தான். "டீசலையும் ஊத்தி, தெனம் கிரிவலமும் அனுப்பறாங்க, யாருக்குக் கெடைக்கும்?" என்பது ராமதாஸின் பேச்சு.

மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, மூட்டை ஏற்றும் லாரியில் பல வருஷம் ஓட்டியவர் அவர். அந்தக் காலத்துப் பழக்கம் ஒன்று கையோடு வந்துவிட்டது. கிரிவலப் பாதையோரம் இருக்கும் ஒவ்வொரு லிங்கத்தையும் தாண்டும்போது வலது கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். அடி அண்ணாமலைக் கோயில் திருப்பத்தில் மட்டும் அது போதாது. கண் சிமிட்டுகிற நேரத்துக்கு இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் மறுபடி ஸ்டீயரிங்கைப் பிடிப்பார்.

இந்த வருஷம் ஆடியில், அபிநயா என்ற சின்னப் பெண் எல்.கே.ஜி.யில் சேர்ந்த புதிது. ஏறினதிலிருந்து இறங்குகிற வரைக்கும் அழுகை. கன்னியம்மாள் மடியில் போட்டுக்கொண்டு என்னென்னவோ சொல்லிப் பார்த்தாள், நிற்கவில்லை. கோயில் திருப்பம் வந்தது. ராமதாஸ் கையெடுத்துக் கும்பிட்டார். வண்டி மெல்ல வலது பக்கம், மலைப் பக்கமாக, ஒரு சாய்வு சாய்ந்து நிமிர்ந்தது. அபிநயாவின் தண்ணீர் பாட்டில் மடியிலிருந்து நழுவிக் கீழே விழுந்து உருண்டு ஓடியது.

"தோ பாரு கண்ணு," என்றாள் கன்னியம்மாள், வாயில் வந்ததை. "பஸ்ஸே சாமி கும்புடுது பாரு!"

அழுகை நின்றது. மறுநாள் அந்த இடத்துக்கு வருமுன்பே, "கும்புடுமா, கும்புடுமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தது குழந்தை. கும்பிட்டது. அதற்கடுத்த நாளும் கும்பிட்டது. ஒரு வாரத்தில் பஸ் முழுக்க அதே பேச்சு. திருப்பம் வந்தால் பிள்ளைகள் பாட்டில்களைக் கீழே வைத்துவிட்டு, எது முதலில் உருளுகிறது என்று பார்ப்பார்கள். உருண்டதும் "அரோகரா!" என்று ஒரு சத்தம். அது வீடுகளுக்குப் போய், வீடுகளிலிருந்து கோயில் வாசலுக்கும் போனது. சுதந்திர தின விழாவில் பள்ளியின் கரஸ்பாண்டன்ட் சக்கரவர்த்தியே மைக்கில் சொன்னார்: "நம்ம ஸ்கூலு பஸ்கூட அண்ணாமலையாருக்குத் தலை வணங்குது." எல்லாரும் கை தட்டினார்கள். ராமதாஸ் அன்றைக்குச் சலவைச் சட்டை போட்டிருந்தார். கூட்டத்தில் கடைசியில் நின்றுகொண்டு, சட்டையின் மேல் பட்டனைப் போட்டுக்கொண்டார்.

கார்த்திகை பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. தீபத்துக்கு ஊர் தயாராகிக்கொண்டிருந்தது. கிரிவலப் பாதையில் புதுத் தார், மூங்கில் கட்டைகள், தற்காலிகப் பந்தல்கள். ஒரு புதன்கிழமை சாயங்காலம், தூறலில், ரமணாசிரமம் தாண்டி வண்டி வந்துகொண்டிருந்தது. வெள்ளைக்காரர்கள் தங்கும் அறைகளும் காபிக் கடைகளும் இருக்கிற இடம். அங்கே லிங்கம் கிடையாது. கன்னியம்மாள் கதவோரத்துச் சீட்டில் உட்கார்ந்து, ஒரு பையனின் ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டே நிமிர்ந்து முன்னால் பார்த்தாள். ராமதாஸின் இரண்டு கையும் ஸ்டீயரிங்கில்தான் இருந்தன. அவள் நன்றாகப் பார்த்தாள்.

வண்டி கும்பிட்டது.

வழக்கமான சாய்வு இல்லை. வெடுக்கென்று வலது பக்கம் இழுத்தது. எதிரில் ஸ்கூட்டரில் வந்த ஒரு வெள்ளைக்காரப் பெண் ரோட்டை விட்டு இறங்கிச் சேற்றில் காலை ஊன்றினாள். ராமதாஸ் உடம்பு முழுக்கத் திருப்பி வண்டியை இழுத்துப் பிடித்து நிறுத்தினார். பின்னால் வந்த ஆட்டோக்காரன், "இன்னா மாமே, வண்டியிலயே தூங்கறியா?" என்று கத்திக்கொண்டு போனான். அந்தப் பெண், திட்டத் தெரியாமலோ என்னவோ, பஸ்ஸைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

பிள்ளைகள் "அரோகரா!" என்று கத்தினார்கள். அபிநயா மட்டும் ஜன்னலில் மூக்கை அழுத்தி வெளியே தேடினாள்.

"ஆயாம்மா, இங்க எந்த சாமி?"

கன்னியம்மாள் ஷூ கயிற்றில் இன்னொரு முடிச்சுப் போட்டாள்.

"எளநி கடைதான கீது. எளநி சாமியா?"

"உக்காரு கண்ணு," என்றாள். இழுத்து உட்காரவைத்தாள்.

மறுநாள் மத்தியானம் டிரைவர்களை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். என்ன விஷயம் என்று ராமதாஸ் பஸ்ஸில் சொல்லவில்லை. பஸ்ஸில் சொல்கிற வழக்கமும் இல்லை. வீட்டுக்கு வந்து, விளக்கு வைத்து, கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும் தின்று முடித்து, கன்னியம்மாள் வேகவைத்த மல்லாட்டையை முறத்தில் கொட்டி நடுவில் வைத்தாள். இருவரும் உரித்துத் தின்ன ஆரம்பித்தார்கள். வெளியே மழை, புளியமரத்தடியில் நனைந்துகொண்டு மஞ்சள் பஸ்.

"கரஸ் சாரு எதுக்குக் கூப்ட்டாரு?"

"ஒண்ணும் இல்ல. ரீகாலாம்."

"மிஸ்டு காலு தெரியும். அது இன்னாது ரீகாலு?"

"கம்பெனிக்காரன் வித்த வண்டிய அவனே திரும்பக் கூப்பிடறான். கொண்டா, சரி பண்ணி அனுப்பறேன்னு. காசு கெடயாது."

"நம்ம கவிநிலாவ ஆடிக்கு அழைச்சிக்கினு வந்தமே, அந்த மாதிரி சொல்லு."

போன வருஷம் போளூரில் கட்டிக்கொடுத்த மகளை நினைத்து ராமதாஸ் சிரித்துவிட்டார். "ஆமா. ஆனா இவன் கார்த்திகையில அழைக்கிறான்."

"திரும்ப அனுப்பறப்ப சீரு வரிசை ஏதானா உண்டா?"

"புது மூட்டு ஒண்ணு போட்டு அனுப்புவானாம்."

"மூட்டா? பொண்ணுக்கு மூட்டுல இன்னா கொற?"

ராமதாஸ் ஒரு காயை எடுத்து உடைத்தார். உள்ளே சொத்தை. தூக்கிப் போட்டுவிட்டு இன்னொன்றை எடுத்தார். "ஸ்டீயரிங்குலேர்ந்து சக்கரத்துக்குப் போற ராடு கீது இல்ல, அதுல ஒரு மூட்டு. உள்ளுக்குள்ள தேஞ்சிடுதாம். எல்லா வண்டிக்கும் கெடயாது. ஏதோ சில வண்டிக்கு."

"தேஞ்சா?"

"தேஞ்சா தேஞ்சிடும். மாத்தணும்."

"தேஞ்சா வண்டி இன்னா பண்ணும்னு கேக்கறேன்."

அவர் உரித்த பருப்பை வாயில் போடாமல் உள்ளங்கையில் வைத்துக்கொண்டிருந்தார். "ஒரு பக்கமா இழுக்கும்."

"எந்தப் பக்கம்?"

ராமதாஸ் பருப்பை முறத்திலேயே போட்டார். கன்னியம்மாள் முறத்தைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

"நம்மளுது இழுக்குதுன்னு சொல்லிட்டியா?"

"நம்மளுது இழுக்கல."

"நேத்து?"

"நேத்து பள்ளம்."

"பள்ளமா? தீபத்துக்குன்னு இப்பதான் தாரு போட்டான், கண்ணாடி மாதிரி கீது. நீ கை எடுக்கவே இல்ல. நான் பாத்துக்கினுதான் இருந்தேன்."

"நீ ரைட்டு சொல்ற ஆளு. ஸ்டீயரிங்கு என் வேலை."

"கோயிலாண்ட தெனம் சாயறது?"

"அது கும்புடறது." ராமதாஸ் அவளை நேராகப் பார்த்தார். "நீதான பேரு வச்ச?"

அவர் சொன்னது நிஜம். அவள் பேர் வைப்பதற்கு முன்னால் அவர், "டயருல காத்து கம்மியா பாக்கணும், லேசா இழுக்கற மாதிரி கீது" என்று ஒரு நாள் சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்தது. அவள் பேர் வைத்த பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. சாமி கும்பிடுகிற வண்டிக்கு யார் காற்று பார்ப்பார்கள்?

"சனிக்கெழமை கம்பெனி ஆளு வர்றான்," என்றார் ராமதாஸ், குரலை இறக்கி. "புது மூட்டு அவங்க கையில கம்மியாதான் கீதாம். இழுக்கற வண்டிய மொதல்ல எடுத்துக்குவாங்க. இழுக்காதது தீபம் முடிஞ்சப்பறம். தீபத்துக்குக் கூட்டம் ஏத்த நம்ம வண்டியத் தர்றேன்னு கரஸ் சாரு வாக்கு குடுத்துட்டாரு. தீபம் ஆவட்டும், நானே கொண்டு போய் உடறேன்."

"அது வரைக்கும் புள்ளைங்க?"

"நான் புடிச்சிக்கினுதான் இருக்கேன்? இந்தக் கை பாக்காத வண்டியா?"

"நேத்தும் புடிச்சிக்கினுதான் இருந்த."

"ஏய் கன்னி," என்றார். கோபம் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. "ஆடியிலேர்ந்து இழுக்குதுன்னு இப்ப போயி சொன்னா இன்னா கேப்பாங்க? இத்தினி நாளு வாயில இன்னா வச்சிருந்தேன்னு கேப்பாங்க. ஏற்கெனவே கரஸ் சாரு, வயசாயிடுச்சி, கண்ணு டெஸ்ட் எடுத்துக்கினு வான்னு சொல்லிக்கினு கீறாரு. வண்டிய உட்டு எறக்கிட்டாங்கன்னா நான் இன்னா பண்ணுவேன்? மலையச் சுத்தாம ஒரு நாளு இருக்க முடியுமா என்னால?"

கன்னியம்மாள் தோலையெல்லாம் வாரி எடுத்துக்கொண்டு போய் மழையில் கொட்டினாள். அங்கேயே நின்று பஸ்ஸைப் பார்த்தாள். அது ஒன்றும் தெரியாத மாதிரி நின்றுகொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை கோயில் திருப்பம் வருமுன்பே அவள் எழுந்து நின்று, "எல்லாம் கம்பியப் புடிங்க, பாட்டிலக் கையில வச்சிக்கோங்க" என்றாள். பிள்ளைகளுக்குப் புரியவில்லை. ராமதாஸ் கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்தார். இரண்டு கையையும் குவித்த வேகத்திலேயே மறுபடி ஸ்டீயரிங்கைப் பிடித்தார். வண்டி சாய்ந்தது. "பஸ் கும்பிடுது" என்று அவள் சொல்லவில்லை. அவள் சொல்லாவிட்டால் என்ன, பிள்ளைகளே சொல்லிக்கொண்டார்கள். அபிநயாவைப் பிடித்திருந்த பிடியில் குழந்தை, "வலிக்குது ஆயாம்மா" என்றது.

சனிக்கிழமை பள்ளிக்கூடம் இல்லை; வண்டி மட்டும் பள்ளிக்கூட வாசலில் நின்றது. கம்பெனி சர்வீஸிலிருந்து வந்த மூர்த்தி சின்ன வயசுக்காரன், பேச்சில் பணிவானவன். வண்டிக்கு அடியில் சாக்கை விரித்துப் படுத்து, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, சட்டையெல்லாம் சேறாக வெளியே வந்தான்.

"நட்டு எல்லாம் டைட்டாதான் கீது சார்," என்றான் சக்கரவர்த்தியிடம். "ஆனா இந்த மூட்டு உள்ளுக்குள்ள தேயறது, வெளிய தெரியாது. ஓட்டற கைக்குத்தான் தெரியும். டிரைவரண்ணா, கை உட்டா எங்கயாவது இழுக்குதா?"

"கல்லு மாதிரி நிக்குது தம்பி," என்றார் ராமதாஸ்.

"இவர் ஓட்டினா வண்டி பேச்சு கேக்கும்," என்றார் சக்கரவர்த்தி, சந்தோஷமாக. "அப்ப தீபம் கழிச்சி அனுப்பிடலாம் இல்ல?"

"ஒரு ரவுண்டு போயி பாத்துட்டு எழுதிடறேன் சார். அண்ணன் ஓட்டட்டும், நான் கீழ உக்காந்து சத்தம் கேக்கறேன்."

வண்டியைக் கழுவ வந்திருந்த கன்னியம்மாள் வாளியும் துடைப்பமுமாக ஓரமாக நின்றிருந்தாள். ராமதாஸ் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து, சாவியைத் திருகி, சும்மா இருந்தார். கியர் போடக் கை வரவில்லை.

"இன்னா ராமதாஸ்?" என்றார் சக்கரவர்த்தி.

"ரைட்டு சொல்ல ஆளு இல்ல சார்."

சக்கரவர்த்தி சிரித்துவிட்டு, "வாங்கம்மா, நீங்களும் ஏறுங்க" என்றார். கன்னியம்மாள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஏறினாள். கதவைச் சாத்தினாள். தன் சீட்டில் உட்கார்ந்தாள்.

"டிரைவர் சார், ரைட்."

"சரிங்க ஆயாம்மா."

செங்கம் ரோட்டில் வண்டி மெதுவாகப் போனது. மூர்த்தி கியர் பெட்டிக்குப் பக்கத்தில் குந்தி, தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்திருந்தான். பின்னால் சக்கரவர்த்தி தீபத்து வண்டி விஷயமாக யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். "அண்ணா, கைய லூஸ் பண்ணுங்க" என்றான் மூர்த்தி. ராமதாஸ் விரல்களை விரித்துக் காட்டினார். வண்டி நேராகப் போனது. குந்தியிருந்த மூர்த்திக்குத் தெரியாதது கதவோரத்துச் சீட்டிலிருந்த கன்னியம்மாளுக்குத் தெரிந்தது. விரல்கள்தான் விரிந்திருந்தன. இடது கட்டை விரல் மட்டும் உள் பக்கமாக மடங்கி, வளையத்தைக் கொக்கி போட்டுப் பிடித்திருந்தது. நகம் வெளுத்துப்போயிருந்தது.

"நல்லாத்தான் கீது," என்றான் மூர்த்தி.

ரமணாசிரமம் போனது. இளநீர்க் கடை போனது. கிரிவலப் பாதையில் திரும்பினார்கள். மழை விட்டிருந்தது, காலை நேரத்துப் பாதையில் அதிகம் ஆள் இல்லை. சாமியார் ஒருவர் துவைத்த காவியை வேலியில் உலர்த்திக்கொண்டிருந்தார். லிங்கங்களைத் தாண்டும்போது ராமதாஸ் வலது கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார், இடது கட்டை விரலை விடவில்லை. இப்போது சொல்லாவிட்டால் திங்கட்கிழமை காலையில் பிள்ளைகள் ஏறுவார்கள். சொன்னால் இந்த மனுஷன் வண்டியை விட்டு இறங்குவார். பொய் சொல்கிறார் என்று இன்னொரு ஆள் எதிரில் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

கோயில் திருப்பம் தெரிந்தது.

"டிரைவர் சார்," என்றாள். "கோயிலு வந்துடுச்சி."

அவர் தலை அசையவில்லை.

"டிரைவர் சார், சாமி கும்புடலையா?"

மூர்த்தி நிமிர்ந்து பார்த்தான். போனில் பேசிக்கொண்டிருந்த சக்கரவர்த்தியும் பேச்சை நிறுத்திவிட்டு, "ஆமா, கும்பிடுங்க, கும்பிடுங்க" என்றார். ராமதாஸ் கண்ணாடியில் கன்னியம்மாளைப் பார்த்தார். அவளும் பார்த்தாள், கண்ணை எடுக்கவில்லை. லாரி ஓட்டின காலத்திலும், காய்ச்சலோடு ஓட்டின நாளிலும், அவர் அந்த இடத்தைக் கையெடுக்காமல் தாண்டினது கிடையாது. தாண்டவும் அவரால் முடியாது. அது அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

அவர் வேகத்தைக் குறைத்தார். எதிரில் வண்டி எதுவும் வருகிறதா என்று பார்த்தார். பிறகு கட்டை விரலை எடுத்தார். இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேரே குவித்தார். கண்ணை மூடினாரா இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை.

வண்டி வலது பக்கம் சாய்ந்தது. சாய்ந்துகொண்டே போனது. நடுக்கோட்டைத் தாண்டி, புதுத் தாரைத் தாண்டி, பாதையின் மறு ஓரத்துச் சேற்றில் முன் சக்கரம் இறங்கும்போது ராமதாஸ் பிரேக்கை மிதித்தார். கும்பிட்ட கை கும்பிட்டபடியே இருந்தது. கன்னியம்மாள் கொண்டுவந்த வாளி வலது பக்கமாக உருண்டு போய் ஒரு சீட்டுக் காலில் முட்டி நின்றது.

யாரும் அரோகரா சொல்லவில்லை.

"எத்தினி நாளா அண்ணா?" என்று கேட்டான் மூர்த்தி, மெதுவாக.

"ஆடியிலேர்ந்து," என்றார் ராமதாஸ்.

"சொல்லவே இல்லையே?" என்று ஆரம்பித்தார் சக்கரவர்த்தி.

"நாங்க கும்புடுதுன்னு நெனச்சிட்டோம் சார்," என்றாள் கன்னியம்மாள். "பேரு வச்சது நான். அவரு மேல தப்பு இல்ல."

சக்கரவர்த்தி நெற்றி விபூதியைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். "நானே மைக்குல சொன்னேனேம்மா," என்றார். "அத்தனை ஜனத்துக்கு எதிருல."

பஸ்ஸை அன்றைக்கே லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்த வழித்தடத்துப் பிள்ளைகளை இன்னொரு வண்டி இரண்டு நடையாக வந்து ஏற்றிக்கொண்டது. தீபத்துக்கு வாக்குக் கொடுத்த இடத்தில் சக்கரவர்த்தி என்ன சொல்லிச் சமாளித்தாரோ தெரியாது. ராமதாஸை வேலையை விட்டு அனுப்பவில்லை. "வண்டி வரட்டும், பாக்கலாம்" என்று சொல்லி, கேட்டில் உட்காரவைத்தார். பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு விசில், வருகிற வண்டிக்குக் கேட்டைத் திறந்து விடுகிற வேலை.

வீட்டில் அவர் சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் கன்னியம்மாளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். முதல் நாள் சாயங்காலமே சாப்பிட உட்கார்ந்து, "ஆயாம்மா, சோறு போடுங்க" என்றார்.

அவள் கரண்டியோடு நின்றாள். "இன்னாயா இது?"

"கொஞ்சம் ரசம் ஊத்துங்க ஆயாம்மா."

காலையில் "சட்டை எங்கீதுங்க ஆயாம்மா." ராத்திரி "வெளக்க அணைச்சிடுங்க ஆயாம்மா." இவ்வளவு காலமும் அவள் கேட்டுக்கேட்டுக் கிடைக்காத 'ங்க' இப்போது வேளைக்கு வேளை கிடைத்தது. ஒவ்வொரு 'ங்க'வும் குழம்பில் கல் மாதிரி பல்லில் கடிபட்டது. மகளிடம் போனில் சொல்லி அழலாம் என்று எடுத்தவள், எதைச் சொல்லி அழுவது என்று தெரியாமல் வைத்துவிட்டாள். மரியாதையாகப் பேசுகிறார் என்றா சொல்ல முடியும்?

தீபத்தன்று சாயங்காலம் தெருவே மலையைப் பார்த்து நின்றது. உச்சியில் சுடர் தெரிந்ததும் "அரோகரா" என்ற சத்தம் ஊர்ப் பக்கமிருந்து அலை மாதிரி வந்தது. ராமதாஸ் வண்டி இல்லாத புளியமரத்தடியில் தனியாக நின்று கையெடுத்தார். கையில் ஸ்டீயரிங் இல்லை, பின்னால் பிள்ளைகள் இல்லை, அவசரம் ஒன்றும் இல்லை. கண் சிமிட்டுகிற நேரத்துக்கே கும்பிட்டுப் பழகின மனுஷன், அக்கம்பக்கத்தார் எல்லாரும் வீட்டுக்குள் போன பிறகும் கையை இறக்கவில்லை. கன்னியம்மாள் வாசலில் வைத்த அகல்களுக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொரி உருண்டை புடிச்சி வச்சிருக்கேன்," என்றாள் அவர் வந்ததும்.

"குடுங்க ஆயாம்மா," என்றார். ஆனால் இரண்டாவது உருண்டையைக் கேட்காமல் தானே எடுத்துக்கொண்டார்.

தீபம் கழிந்து, கூட்டம் வடிந்து, பாதையில் கிடந்த தொன்னைகளையும் செருப்புகளையும் கூட்டி அள்ளிய பிறகு பஸ் திரும்பி வந்தது. கழுவி, துடைத்து, முன்னால் யாரோ சாமந்தி மாலை போட்டு அனுப்பியிருந்தார்கள். "சீரோடதான் வந்துகீது பொண்ணு" என்று கன்னியம்மாள் தனக்குள் சொல்லிக்கொண்டாள். பக்கத்தில் சிரிக்க ஆள் இல்லை. சக்கரவர்த்தி கேட்டுக்கு நடந்து வந்து, ராமதாஸின் நாற்காலிக்கு எதிரில் நின்று, சாவியை நீட்டினார்.

"கண்ணு டெஸ்ட் எடுத்துட்டீங்க இல்ல?"

"எடுத்துட்டேன் சார்."

"ரெண்டு கையும் ஸ்டீயரிங்லயே இருக்கணும் ராமதாஸ். எந்த லிங்கமா இருந்தாலும். வேற நான் ஒண்ணும் சொல்லல."

ராமதாஸ் சாவியை வாங்கிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் வண்டி கிளம்பியது. "டிரைவர் சார், ரைட்." "சரிங்க ஆயாம்மா." பிள்ளைகளுக்குத் திருவிழா மாதிரி இருந்தது. இளநீர்க் கடை வந்தது, வண்டி அதைச் சட்டை பண்ணாமல் நேராகப் போனது. முதல் லிங்கத்தில் ராமதாஸின் வலது கை ஸ்டீயரிங்கிலிருந்து கொஞ்சம் எழும்பி, திரும்ப உட்கார்ந்ததைக் கன்னியம்மாள் பார்த்தாள். அடுத்த லிங்கத்தில் எழும்பவில்லை.

கோயில் திருப்பம் நெருங்கியது. பிள்ளைகள் பாட்டில்களைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்தார்கள். கன்னியம்மாள் தடுக்கவில்லை.

வண்டி திரும்பியது. பாட்டில்கள் வைத்த இடத்திலேயே நின்றன.

"ஆயாம்மா, கும்புடல!" என்றாள் அபிநயா. குரல் உடைகிற மாதிரி இருந்தது. "பஸ்ஸு கும்புடல ஆயாம்மா. சாமி மேல கோவமா?"

கன்னியம்மாள் என்ன சொல்வது என்று தேடினாள். இன்னொரு பேர் வைக்க அவளுக்குப் பயமாக இருந்தது.

அப்போது முன்னாலிருந்து குரல் வந்தது. ராமதாஸ் திரும்பவில்லை. இரண்டு கையும் ஸ்டீயரிங்கில் இருந்தன, கண் ரோட்டில் இருந்தது.

"கன்னி," என்றார். "எனக்கும் சேத்து நீ கும்புட்டுக்கோ."

பின் சீட்டிலிருந்து ஒரு பெரிய பையன், "டேய், டிரைவர் சாரு ஆயாம்மாவப் பேரு சொல்லிக் கூப்ட்டாருடா!" என்று கத்த, வண்டி முழுக்கச் சிரிப்பு வெடித்தது. "கன்னி! கன்னி!" என்று ஆளாளுக்குச் சொல்லிப் பார்த்தார்கள். அபிநயாவும் அழ மறந்து சிரித்தாள்.

கன்னியம்மாள் மடியிலிருந்த குழந்தையைச் சீட்டில் சாய்த்து உட்காரவைத்தாள். கம்பியைப் பிடித்திருந்த கையை விட்டாள். வண்டி நேராகப் போய்க்கொண்டிருக்க, வலது பக்கத்து ஜன்னலில் மெல்ல நகர்ந்துகொண்டிருந்த மலையைப் பார்த்து, இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாள். முதலில் அவருக்காக. அப்புறம் தனக்காக.